ஜாடியில் குறைந்த ஐந்தடி

முகம்மது அஷ்ஃபாக் ஐந்தடியை எடுத்துவிட்டான் என்று தொழில் பெருமைச் சின்ன வாரியம் அனுப்பிய நோட்டீஸ் நான்கு பக்கம் இருந்தது. எதில் ஐந்தடி என்பது மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியில்தான் வந்தது. அதுவரை அவன், தன் வீட்டுச் சுவர் பக்கத்து மனையில் ஐந்தடி ஏறிவிட்டதோ என்று பயந்துகொண்டே படித்தான். மூன்றாம் பக்கத்தோடு அந்தப் பயம் போய், அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

காணாமல் போனது ஜாடியின் உயரத்தில் ஐந்தடி.

அந்த ஜாடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விருத்தாசலத்தின் ஓரத்தில் ஒரு பெரிய பீங்கான் தொழிற்சாலை பல வருடமாக மூடிக் கிடந்தது. கடைசி சூளையும் அணைந்து, கடைசி ஆளும் வேறு பிழைப்பு தேடிப் போன பிறகு, இந்தத் தொழிலைப் பெருமைப்படுத்த வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றியது. ஒரு வாரியம் அமைந்தது. தொழிற்சாலை வாசலில் நாற்பதடி உயரத்தில் ஓர் ஊறுகாய் ஜாடி நிறுவுவதென்று முடிவானது. அதைச் செய்வதற்காக மட்டும் ஒரே ஒரு சூளையை மறுபடி பற்றவைத்தார்கள். ஜாடி முடிந்ததும் அதையும் அணைத்துவிடுவதாகத் திட்டம்.

அடிக்கல் விழாவில் வாரியத் தலைவர் ஆதிநாராயணன் பேசியதை ஊர் இன்னும் மறக்கவில்லை. “ஆலை ஓடியபோது இந்த ஊருக்கு வேலை மட்டும்தான் கிடைத்தது. ஆலை மூடிய பிறகுதான் பெருமை கிடைக்கிறது. வேலைக்கு ஓய்வு வயது உண்டு. பெருமைக்குக் கிடையாது!” கேட்டவர்கள் கைகள் காலியாக இருந்ததால் கைதட்டல் பலமாக இருந்தது.

சூளை போடுவதற்கு அஷ்ஃபாக்கைப் பிடித்தார்கள். பதினெட்டு வருடமாகத் தனியார் சூளைகளில் தீ வைத்துப் பழகியவன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே சாமான் வெந்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவான். அச்சு போடும் முன்பே அவன் போய்ச் சொன்னான்.

“சார், பச்சை மண்ணு காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில வேகும்போது இன்னும் சுருங்கும். எல்லாம் சேர்த்து எட்டுல ஒரு பங்கு போயிடும். நாப்பதடி ஜாடி நிக்கணும்னா மண்ணுல நாப்பத்தாறடிக்கு அச்சு போடணும்.”

ஆதிநாராயணன் கண்ணாடியைக் கழற்றினார். “அனுமதி எத்தனை அடிக்கு வந்திருக்கிறது?”

“நாப்பது சார்.”

“அப்படியானால் மிச்சம் ஆறடி யாருக்கு?”

‘எந்த நிலையிலும் நாற்பதடிக்கு மிகாமல்’ என்று எழுத்தில் உத்தரவு வந்தது. அப்படியே செய்தான். வளைந்த ஓடுகளாகச் சுட்டு, வளையம் வளையமாக அனுப்பினான். கருவேப்பிலங்குறிச்சி வெல்டர் திருமால், நாற்பதடிக்கு இரும்புச் சட்டம் நிறுத்தி, அதில் ஓடுகளைப் பூட்டிக்கொண்டே மேலே போனார். ஓடுகள் முப்பத்தைந்தடியில் தீர்ந்துபோயின. அதற்கு மேல் ஐந்தடிக்கு வெறும் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஊறுகாய் ஜாடிக்குள்ளிருந்து யாரோ வெளியே வரப் பார்ப்பது போல இருந்தது.

திறப்பு விழா இருபத்தெட்டாம் தேதி. அஷ்ஃபாக்குக்கோ இருபத்தாறாம் தேதி திருச்சியிலிருந்து ஃபிளைட். ஷார்ஜாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி, சூளை பார்க்க ஆள் கேட்டு அவனை எடுத்திருந்தது. இந்த ஜாடியோடு உள்ளூரில் வேலை முடிந்தது, அங்கே போனால்தான் உண்டு. எல்லாப் பேப்பரும் ரெடி, போலீஸ் சர்டிபிகேட் ஒன்றைத் தவிர.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனந்தராஜ் வாரியத்தின் புகாரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“களவு போன பொருள்னு கேட்டா ‘ஐந்தடி’ன்னு எழுதியிருக்காங்க. அடையாளம் கேட்டா ‘உயரம்’னு போட்டிருக்காங்க. இத நான் எந்தப் பிரிவுல போடறது பாய்?”

“அப்ப தள்ளிடுங்க சார்.”

“எழுத்துல வந்துடுச்சே. வாரியத்துகிட்ட ‘புகார் இல்லை’ன்னு ஒரே ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, அரை மணி நேரத்துல முடிச்சுடறேன். இல்லாட்டி ‘விசாரணை நிலுவை’ன்னுதான் நான் எழுதணும். அப்புறம் ஷார்ஜாவ மறந்துடுங்க.”

இருபத்தாறுக்கு அன்றைக்குப் பதினேழு நாள் இருந்தது.

முதல் விசாரணை பத்தாம் தேதி, தொழிற்சாலையின் பழைய சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நடுவில் ஆதிநாராயணன், பக்கத்தில் குறிப்பெடுக்க உதவிப் பொறியாளர் சிவசங்கரி. அஷ்ஃபாக் இரண்டு டீக் கப் கொண்டுபோயிருந்தான். இரண்டும் ஒரே அச்சில் போட்டவை. ஒன்று சுடாதது, இன்னொன்று சுட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும் என்று நம்பினான். விசாரணைக் குழுவில் சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை.

“பாருங்க சார். ரெண்டும் ஒரே அச்சு. வெந்தது மட்டும் சின்னதாயிடுச்சு. நான் எதையும் எடுக்கல.”

ஆதிநாராயணன் இரண்டு கப்புகளையும் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கவலை கூடிக்கொண்டே போனது. “எழுதிக்கொள்ளுங்கள் மேடம். ஜாடியில் மட்டும் இல்லை, கப்பிலும் எடுத்திருக்கிறார்.”

“சார், நான் பதினெட்டு வருஷமா சுடறேன். எல்லாத்துலயும் இப்படித்தான் ஆவும்!”

“பதினெட்டு வருடமாகவா?” தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எல்லாவற்றிலுமா? எட்டில் ஒரு பங்கா?”

உண்மையைச் சொல்லச் சொல்லக் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது என்பது அப்போதுதான் அஷ்ஃபாக்குக்கு உறைத்தது. மதியத்துக்குள் ஒரு கணக்கு தயாரானது. அகல் விளக்கு, கப், ஜாடி, பியூஸ் கட்டை என்று பதினெட்டு வருடத்தில் அவன் சுட்ட அத்தனையிலும் குறைந்ததை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால், விருத்தாசலத்தில் ஆரம்பித்துத் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சேரும் என்று கண்டுபிடித்தார்கள். ஐந்தடி திருடனாக உள்ளே போனவன், தாலுகா விட்டுத் தாலுகா நீளும் திருடனாக வெளியே வந்தான்.

அவனுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் ஒரே ஒருவர். திருமால் அன்றைய கூலியை விட்டுவிட்டு, வெல்டிங் வெளிச்சத்தில் சிவந்த கண்ணோடு வந்து நின்றார்.

“பாய் எடுக்கலைங்க. ஒவ்வொரு ஓடும் என் கையாலதான் மேல போச்சு. வந்தது அவ்ளோதான். அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லைங்க.”

“உங்கள் சட்டம் நாற்பதடி இருக்கிறதா?” என்று தலைவர் கேட்டார்.

“நூல் பிசகாம இருக்குதுங்க.”

“ரொம்ப சந்தோஷம். நாட்டில் இப்படி ஒருவராவது இருக்கிறாரே” என்று அவருக்கு வாரியத்தின் பாராட்டைப் பதிவு செய்தார்கள்.

பன்னிரண்டாம் தேதி வீட்டைச் சோதனை போட வந்தார்கள். இரண்டு பேர், ஒரு டேப், ஒரு நோட்டு. கட்டிலை அளந்தார்கள், கதவை அளந்தார்கள், பீரோவை இழுத்துப் பின்பக்கம் அளந்தார்கள். பீங்கானை எங்கே கண்டாலும் தட்டிப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. அஷ்ஃபாக் அவமானத்தில் கூனிக் குறுகி மூலையில் நின்றான். அவன் மனைவி சனா கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள்.

“ஐந்தடி நீளத்துல வேற ஏதாச்சும் இருக்குதாம்மா?” என்று ஒருவர் கேட்டார்.

“இந்த வூட்டுல அஞ்சடிக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். வேணும்னா தூக்கினு போயி ஜாடி மேல நிறுத்துங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார்: ‘மனைவி, சுமார் ஐந்தடி. பீங்கான் அல்ல.’

அவர்கள் போன பிறகு, இழுத்த பீரோவைச் சனாவே தள்ளிவைத்தாள். “லெட்டர் வராட்டி என்னங்க பண்றது?” என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

மறுநாள் சிவசங்கரியைத் தனியாகப் பிடித்தான். “மேடம், நீங்க இன்ஜினியரு. மண்ணு சுருங்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். “தெரியும். ஆனா தெரியும்னு எழுத எனக்கு அதிகாரம் இல்லையே.”

“அப்ப உங்க கண்ணு முன்னாடியே சுட்டுக் காட்டறேன். அதையாச்சும் எழுதுவீங்களா?”

இந்த யோசனை தலைவருக்குப் பிடித்துவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று நினைத்தார். பதினான்காம் தேதி, குழு முன்னிலையில், அஷ்ஃபாக் பச்சைக் களிமண்ணில் ஒரு பட்டை செய்தான். தலைவரே டேப் வைத்து அளந்தார். சரியாகப் பன்னிரண்டு அங்குலம். ஈர மண்ணில் ஓர் ஆணியால் ‘ஓரடி’ என்று பெரிதாகக் கீறி, கீழே தன் கையெழுத்தையும் கீறினார். குழுவினர் வரிசையாக வந்து கீறினார்கள். பட்டையைத் தன் அறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பீரோவைப் பார்த்தபடியே நான்கு நாள் உட்கார்ந்திருந்தார். மண் காய்வதற்கு ஒரு வாரியத் தலைவர் காவலிருந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

பதினெட்டாம் தேதி பட்டை சூளைக்குப் போனது. “இப்ப ஒரு தடவ அளந்துடலாம் சார்” என்று அஷ்ஃபாக் கெஞ்சிப் பார்த்தான். ஒருமுறை பதிவான அளவை மறுபடி அளப்பது பதிவேட்டை அவமதிப்பதாகும் என்று சொல்லிவிட்டார்கள். சூளைக் கதவைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, இரண்டு காவலர்களை நிறுத்தினார்கள். சாவி தலைவரிடம். வெளிப்பக்க அடுப்புவாயில் தீயைக் கூட்டவும் குறைக்கவும் அஷ்ஃபாக் போகலாம், ஆனால் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். ஒவ்வொரு தடவையும் காட்டினான். திரும்பும்போதும் காட்டினான்.

தீ எரிந்த நாலு நாளும் அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. இத்தனை வருடத்தில் சூளையைப் பார்த்து அவன் பயந்ததே கிடையாது. இப்போது தீயின் சத்தம் சற்று மாறினாலும் எழுந்து ஓடினான். பட்டை விரிசல் விட்டால் அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியவன் ஆவான். சுருங்காமல் வந்தால் ஜாடியில் எடுத்தது அவன்தான் என்று ஆகும். சுருங்கி வந்தால், காவலர்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான் என்று சொல்லமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இருபதாம் தேதி ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. சர்டிபிகேட் இல்லாவிட்டால் இருபத்தைந்தாம் தேதி வேறு ஆளுக்கு டிக்கெட் போடுவோம் என்றார்கள். “வந்துடும் சார், கெடச்ச மாதிரிதான்” என்று சொல்லிவிட்டு, காவலர்களிடம் கையை விரித்துக் காட்டிவிட்டுத் தீயைப் பார்க்கப் போனான்.

இருபத்தி நான்காம் தேதி காலை, ஆறிய சூளையைத் திறக்கக் குழு கூடியது. முத்திரை முத்திரையாகச் சரிபார்த்தார்கள். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. தலைவர் தன் சாவியால் தானே திறந்து, தன் கையாலேயே பட்டையை எடுத்து வெளியே வந்தார். விரிசல் இல்லை.

சிவசங்கரி டேப் வைத்தாள். “பத்தரை அங்குலம் சார்.”

தலைவரின் கை மெதுவாக எழுந்து, தன் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தது. பிறகு பேண்ட் பையை. ஒன்றரை அங்குலம் அங்கேயும் இல்லை. பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் போட்ட கையெழுத்தும் எட்டில் ஒரு பங்கு சின்னதாகியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் முகம் அதிகமாக வாடியது.

“சார், படிவத்துல ஒரு கட்டம் இருக்கு” என்றாள் சிவசங்கரி, குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல். “‘குறைவு ஏற்பட்டபோது பொருள் யார் வசம் இருந்தது?’ யார் பேர் எழுதட்டும்?”

பீரோ சாவி, சூளைச் சாவி இரண்டும் யார் பையில் இருந்தன என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். காவலர்கள் வானத்தைப் பார்த்தார்கள். அஷ்ஃபாக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இனி லெட்டர் கிடைத்துவிடும் என்று மட்டும் நினைத்தான்.

ஆதிநாராயணன் சாதாரண ஆள் இல்லை. முப்பது வருடம் பதவியில் இருந்தவர். ஐந்து நிமிடம் கண்ணை மூடி யோசித்துவிட்டுப் பேசினார்.

“நண்பர்களே, இந்தப் பட்டையில் என்ன எழுதியிருக்கிறது? ஓரடி. கீழே யார் கையெழுத்து? நம் எல்லோருடைய கையெழுத்தும். இது நெருப்பில் இட்டும் அழியாத பதிவு. இத்தனை அதிகாரிகள் சேர்ந்து ஓரடி என்று சொன்ன பிறகு, பத்தரை அங்குலம் என்று சொல்ல இந்த டேப் யார்? கடையில் வாங்கிய டேப்! அதில் ஒரு கையெழுத்தாவது இருக்கிறதா? இன்று முதல் வாரியத்துக்கு இதுதான் அடி. ஜாடியை இதனால் அளந்து பாருங்கள்.”

அளந்தார்கள். சரியாக நாற்பது அடி வந்தது. கைதட்டல் எழுந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்தடி காணாமல் போகவே இல்லை, எனவே யாரும் எடுக்கவும் இல்லை. அஷ்ஃபாக் பக்கத்துச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“சார், ஒண்ணு” என்றாள் சிவசங்கரி. “இந்த அடியால பார்த்தா இரும்புச் சட்டம் நாற்பத்தஞ்சடிக்கு மேல வருது. அனுமதி நாற்பதுதான்.”

ஜாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைவர் முகத்தில் பழைய களை திரும்பியது. “அதானே பார்த்தேன். இவ்வளவு பெரிய விசாரணை ஒருவர்கூடச் சிக்காமல் முடியுமா?”

அஷ்ஃபாக்கை அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தாள் இருந்தது; அதில் கையெழுத்துப் போட்டால்தான் ‘புகார் இல்லை’ கடிதம். முதல் பத்தியில், இந்தப் பட்டை ஓரடிதான் என்று சூளைத் தொழிலாளி முகம்மது அஷ்ஃபாக் சான்றளிப்பதாக எழுதியிருந்தது. இரண்டாம் பத்தியில், இவ்வடியின்படி வெல்டர் திருமால் அனுமதியின்றி ஐந்தடிக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருப்பதாக அதே அஷ்ஃபாக் சான்றளிப்பதாக இருந்தது.

“சார், திருமால் அண்ணன் நூல் புடிச்ச மாதிரி நாப்பதடிதான் நிறுத்தினாரு.”

“எந்த அடியில்?”

“எல்லாரும் அளக்கற அடியிலதான் சார். அவருக்கு என்ன ஆவும்?”

“ஒன்றும் ஆகாது. விளக்கம் மட்டும்தான் கேட்போம்” என்றார் தலைவர்.

தன்னிடமும் பத்தாம் தேதி விளக்கம் மட்டும்தான் கேட்டார்கள் என்பது அஷ்ஃபாக்குக்கு ஞாபகம் இருந்தது. முதல் பத்திக்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். தாள் ஒன்று, கையெழுத்தும் ஒன்றுதான் என்றார்கள். சிவசங்கரியைப் பார்த்தான். அவள் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குள் சர்டிபிகேட் போகாவிட்டால் வேறு ஆளுக்கு டிக்கெட். சனா பீரோவைத் தள்ளியபடி கேட்ட கேள்வி காதில் வந்தது. பேனாவை எடுத்தான். போட்டுவிட்டான்.

இரண்டு கடிதங்களும் ஒரே பிரிண்டரில் வந்தன. ஒன்றை அவன் கையில் கொடுத்தார்கள், இன்னொன்றைப் பியூன் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவன் மதியம் கேட்டுக்கு வந்தபோது திருமால் அங்கேயே நின்றிருந்தார். சூளை திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனுக்காகக் காத்திருந்தவர். ஒரு கையில் நான்கு பக்க நோட்டீஸ்.

“விட்டுட்டாங்களாமே பாய்! நான் அன்னிக்கே சொன்னேன்ல, உன்மேல தப்பு இல்லன்னு.” அவனைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்புறம் சிவந்த கண்ணை இடுக்கிக்கொண்டு நோட்டீஸை நீட்டினார். “எனக்கும் ஏதோ குடுத்துட்டுப் போறாங்க. கண்ணு எரியுது, எழுத்து ஓடுது. கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்.”

அஷ்ஃபாக் படித்தான். மூன்றாம் பக்கத்துக் கடைசி வரியில் தன் பெயர் வந்தது. அதை வாய்விட்டுப் படிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

திருமாலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அஞ்சடி கூடுதலா? நான் நூல் புடிச்சு நிறுத்தினதாச்சே. யாரு சொன்னதாம், பேரு போட்டிருக்குதா?”

“இல்லண்ணே. வாரியம்னு மட்டும்தான் இருக்குது.”

“சரி, விசாரணைல நீ வந்து ஒரு வார்த்த சொல்லிடு பாய். இப்ப உன் பேச்ச கேப்பாங்க.”

“நாளன்னிக்கு ஃபிளைட்டுண்ணே.”

“அட ஆமால்ல!” திருமால் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். “நான் ஒருத்தன். நீ கெளம்பு, அத மொதல்ல பாரு. என்னுத நான் பாத்துக்கறேன். நல்லபடியா போயிட்டு வா.”

அஷ்ஃபாக் தலையை மட்டும் ஆட்டினான். சட்டைப் பையில் இருந்த கடிதத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, ஸ்டேஷனைப் பார்த்து வேகமாக நடந்தான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனந்தராஜ் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார்.